ஆறாவது டவர்

காலை ஐந்தே முக்கால்.
பெல்லந்தூரில்
இன்னும் கட்டாத ஆறாவது டவரின் குழிமுன்னால்
ஐந்து தண்ணீர் லாரிகள்
வரிசையாக நிற்கின்றன.

ஹனுமய்யா போனில் கேட்கிறார்,
அவர் கன்னடத்தில் எனக்காகக் கொஞ்சம் தமிழ் கலந்து:
"மேடம், இங்க யாரு குளிக்கிறாங்க?"

கட்டிய ஐந்திலும்
எழுநூறு பேர் வாயில் பற்பசை நுரையோடு
என் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றிரவு நான் எழுதியது நாலே வரி.
ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு சுற்று.
சுற்றுக்கொரு சீட்டு மடித்து
ஓட்டுநருக்கு ஒன்றாகச் சட்டைப்பையில் வைத்தேன்.
விடிந்ததும் பிரி, அந்த டவருக்குப் போ.

சீட்டில் எண் இருக்குமென்று நினைத்தேன்.
இருந்ததோ
"சுவரில் தொங்கும் பலகையைப் பார்."
பலகை ஒன்றுதான்.
ஒன்றை அழித்து இரண்டு, இரண்டை அழித்து மூன்று
என்று போய்
ஐந்தையும் அழித்து ஆறு எழுதிப் பார்த்து
அடடா, எல்லை தாண்டிவிட்டதே என்று
அங்கேயே நின்றுவிட்டது சுற்று.
அதன்பின் அழிக்க ஆளில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை.
ஐந்து சீட்டும் சொன்னதைச் செய்தன.

இந்த ஊரில் ஒரு கதை உண்டு.
இரவில் கதவைத் தட்டும் பேய்க்காக
கதவிலேயே "நாளே பா" என்று எழுதி வைப்பார்களாம்.
படிக்கும், போய்விடும்.
மறுநாள் வரும், படிக்கும், போய்விடும்.
நாளை என்ற சொல் கிடைத்ததே தவிர
தேதி கிடைக்கவே இல்லை அதற்கு.
முதலில் கேட்டபோது சிரித்தேன்,
பாவம், படித்த பேய் என்று.

"அடுத்த ரிலீஸ் முடிஞ்சதும் லீவு எடுத்துக்கோ"
என்கிறார் மேனேஜர் தீபாங்கர்,
பிப்ரவரியிலிருந்து.
நானும் படிக்கிறேன். போகிறேன்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.
இனி சுற்றுக்கொரு புதுப் பலகை;
யார் பலகையையும் யாரும் அழிக்க முடியாது.
லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கித் திரும்பின.
கை சூட்டோடு
லீவுப் படிவத்தில் பதினேழு என்று போட்டேன்,
பக்கத்தில் மாதத்தையும்.

"கொஞ்சம் இறக்கிட்டேன் மேடம்," என்கிறார் ஹனுமய்யா,
"மீட்டர்ல ஏறிடுச்சு."

மாதக் கணக்கில் அது அப்படியே நிற்கிறது:
ஆறாவது டவர்.
குடியிருப்போர் இல்லை.
ஆயிரத்து இருநூறு லிட்டர்.