ஏற்றுக்கொள்ளவும்

மச்சாளின் கலியாணப் படத்தில் இருந்து
என்னை மட்டும் வெட்டி எடுத்தேன்.
எவ்வளவு நுணுக்கமாக வெட்டியும்
தோளில் யாரோ ஒருவரின் நாலு விரல்
மிச்சம்.
போகட்டும்.
கொழும்பில் பார்ப்பவர்கள்
ஆரோ பின்னால நிற்கினம் என்று நினைக்கட்டும்.

பெயர்: அபிதாரணி சிவபாதம்.
புள்ளிவிபரவியல், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
இடம்: கொக்குவில் கிழக்கு.
லிங்க்ட்இன் விடவில்லை. கொக்குவிலை அழித்து
யாழ்ப்பாணம், வட மாகாணம் என்று
தானே திருத்திக்கொண்டது.

முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடலாமாம்,
வேலைக்கு ஆயத்தம் என்று அர்த்தம்.
போட்டேன்.
அன்றிரவே ஸ்காபரோவில் இருந்து சித்தப்பா
அம்மாவுக்கு அடித்தார்.
"பெட்டை சும்மா இருக்கிறாள் எண்டு
ஏன் உலகத்துக்கே பறை தட்டுறியள்?
சம்பந்தம் பேசிற நேரத்தில..."
அம்மா என்னைப் பார்த்தா.
நான் அடுப்பைப் பார்த்தேன்.
சித்தப்பா விழித்திருக்கும் நேரம் கணக்கிட்டு
வளையத்தைக் கழற்றுவதும் போடுவதுமாய்
ஒரு மாதம்.

கூடப் படித்த நிலக்சன் எழுதியிருக்கிறான்:
அறியத் தருவதில் பெருமகிழ்ச்சி.
டுபாய். தரவுப் பகுப்பாய்வாளர்.
நூற்றிப் பன்னிரண்டு கைதட்டல்,
என்னுடையதோடு நூற்றிப் பதின்மூன்று.
அறியத் தருகிறோம் என்று தொடங்கினால்
எங்கள் பக்கத்தில்
கடைசி வரியில் கோம்பயன்மணல் வரும்.
பழக்கதோஷம்,
கடைசி வரி மட்டும் வாசித்துவிட்டுத்தான்
தட்டினேன்.

முன்பின் தெரியாத இருநூற்று நாற்பது பேருக்குக்
கோரிக்கை போட்டிருக்கிறேன்.
குறிப்பு எழுத விட்டிருப்பது துண்டு இடம்.
மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சமூகத்திற்கு என்று தொடங்க
பாதி முடிந்துவிடும்.
டியூட்டரியில் நாலு வகுப்பு எடுத்துக் களைத்த ஓர் இரவு
தூக்கக் கலக்கத்தில், தமிழிலேயே,
அனுப்பியும் விட்டேன்:
இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள்
அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.
கிரிபத்கொடைக்காரர் ஒருவர்
பெருவிரல் உயர்த்தி ஏற்றுக்கொண்டார்.

ஒரே ஒருத்தி கேள்வி கேட்டாள்.
தில்ருக்ஷி, காப்புறுதிக் கொம்பனி, இரவு பதினொன்றேகால்.
நாலு வருடப் படிப்பு
ஏன் ஆறு வருடம்?

கொரோனா என்று எழுதி அழித்தேன்.
வேலைநிறுத்தம். அழித்தேன்.
பிறகு கை தானாகப் போனது:
மண்ணெண்ணெய் வரிசையில்
அப்பாவின் கானுக்கு மேலே இருந்துதான்
நிகழ்தகவு படித்தேன் மிஸ்.
எனக்கு முன்னால் நூற்றியெழுபது கான்.
மணித்தியாலத்துக்கு ஒன்பது நகரும்,
பவுசர் வந்தால்.
எப்ப முடியும் பிள்ளை என்று
வரிசை முழுக்க என்னிடம்தான் கேட்டது.
சரியாகச் சொன்னேன்:
இண்டைக்கு இல்லை.

மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன.
திரும்பவும் துள்ளின.
செவ்வாய், காலை பத்து, வீடியோவில்.

வெடிப்பில்லாத சுவர் ஒன்றுதான் இருக்கிறது,
நாட்காட்டியைக் கழற்றியாயிற்று.
"பத்து மணிக்கு மிக்சி போடமாட்டன்"
என்கிறா அம்மா,
சித்தப்பாவுக்கு ஒன்றும் சொல்லாமல்.

திங்கள் இரவு இன்னொரு கோரிக்கை.
பளையில் இருந்து, மூன்றாம் வருடம்,
படம் இல்லை, வெறும் சாம்பல் தலை.
"அக்கா, உங்களுக்கு உள்ளுக்க ஆரும் இருக்கினமோ?
தோளில ஒரு கை தெரியுது."

இன்னும் பதில் எழுதவில்லை.
ஏற்றுக்கொண்டேன்.