கால் சுரம் கீழே

டயர் கடைக்கு மேல்மாடி.
ஹோக் கியோங் கம்ப்ரசரை நிறுத்தும்வரை
ஒரு வயோலாவைக்கூட நம்ப முடியாது என்னால்.
ஆறரைக்கு ஷட்டர் இறங்கும்.
பிறகு செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்.
பிறகு மழை.
பிறகுதான் படம்.

மூன்றாம் ரீல், ஏழாவது கியூ,
முப்பத்தொன்பது விநாடி.
தோட்டத்தை விற்றாகிவிட்டது என்று வந்த கடிதத்தை
ஒரு பெண் மடிக்கிறாள், இன்னொரு தடவை மடிக்கிறாள்,
ஆடிக்கொண்டிருக்கும் கேஸ் தோம்புக்கு அடியில்
முட்டுக் கொடுக்கிறாள்.
அவ்வளவுதான் காட்சி.

"வயலின் அழணும்க்கா" என்றான் இயக்குநர் புவனேஸ்.
அவளே அழவில்லை,
வயலின் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்?

பதினோரு தடவை எழுதினேன்.
பதினோரு தடவையும் எங்கோ புளித்தது.
பன்னிரண்டாவது முறை
இசையை மூடிவிட்டு வசனத்தடத்தை மட்டும் கேட்டேன்:
தாள் மடிகிற ஓசைக்குப் பின்னால்,
படப்பிடிப்பில் யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்துவிட்ட
எண்ணெய் மில்லின் சங்கு.
எஃப்பும் இல்லை, எஃப் ஷார்ப்பும் இல்லை.
நடுவில் தனக்கென்று ஒரு படி போட்டு
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

மில்லுக்கு ஸ்ருதி சேர்க்க என்னால் ஆகாது.
ஆர்க்கெஸ்ட்ராவை இறக்கினேன்.

ஹார்ப்பை வெட்டி இரண்டு செல்லோ வாங்கினேன்.
ஓபோவைக் கடைசிவரை வைத்திருந்து
விமான டிக்கெட் விலை ஏறியது போல ஏதோ ஏறியதும்
அதையும் விட்டேன்.
மிஞ்சிய காசுக்கு
ஸ்கோப்யே நகரத்தில் இருபத்திரண்டு பேர், ஐம்பது நிமிடம்.
அங்கே மாலை நாலு. இங்கே இரவு பதினொன்று.
ஜன்னல் கம்பியில் டேப் போட்டு ஒட்டிய கைப்பேசிதான்
பகாவுக்கும் அவர்களுக்கும் பாலம்.
மின்னல் வெட்டும்போதெல்லாம்
டபுள் பாஸ்காரர் பாதி முகத்தோடு உறைந்து நின்றார்.

முதல் வயலின்காரி பில்யானா வில்லைத் தூக்கிக் காட்டினாள்.
ஐந்தாம் பாரிலிருந்து ஒவ்வொரு சுரத்தின் தலையிலும்
கீழ்நோக்கி ஒரு அம்பு.
பிரதி எடுத்ததில் பிழையா?

பிழை இல்லை.
எங்கள் ஊர் மில் அப்படித்தான் ஊதும்.

கண்டக்டர் அதை அவர்கள் மொழியில் சொன்னார்.
ஒரே சிரிப்பு.
சங்கை அவர்கள் ஹெட்போனுக்கு அனுப்பினேன்.
சிரிப்பு அடங்கியது.
தந்திகளின்மேல் விரல்கள்
ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்தன.
வெளியே பனி விழுந்துகொண்டிருந்த ஏதோ ஓர் அறையில்
இருபத்திரண்டு பேர்
எங்கள் இரண்டாம் ஷிப்டுக்கு இறங்கினார்கள்.

கலவை வேலை கோலாலம்பூரில்.
என்னைக் கூப்பிடவில்லை.
கெட்டிக்காரர் யாரோ
வசனத்தடத்தின் இரைச்சலையெல்லாம் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தார்.
சங்கும் இரைச்சல் கணக்கில் போயிருந்தது.

பகாவ் மண்டபத்தில் சிறப்புக் காட்சி அன்றுதான் எனக்கே தெரியும்.
பிளாஸ்டிக் நாற்காலி, நாலு காற்றாடி.
கடிதம் மடிந்தது.
எதனோடும் சேராமல், கால் சுரம் கீழே,
விலாசம் தவறி வந்த விருந்தாளிகளாக
என் தந்திகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.
"ஸ்பீக்கர் கோளாறு" என்றார் பின்னால் ஒருவர்.
நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

எனக்கு முன்வரிசையில்
மில் சீருடையோடு நேராக வந்துவிட்ட ஆள்,
காலரில் எண்ணெய் வாடை.
திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்
இடது மணிக்கட்டைத் திருப்பி
மணி பார்த்தார்.

பார்த்துவிட்டு
ஏன் பார்த்தோம் என்பது போல
இரண்டு பக்கமும் பார்த்தார்.
கச்சான் பொட்டலத்துக்குள் கை திரும்பிப் போனது.

அடுத்த கியூவில் வயலின் அழுதது,
புவனேஸ் கேட்டபடியே.
மண்டபமே மூக்கை உறிஞ்சியது.
அதையும் நான்தான் எழுதினேன்.