உடைத்த உளுந்து

ஏழு மணிவரை கரண்ட் இருக்கும்
என்று நம்பித்தான் குழைத்தேன்.
தேய்ந்த பல்துலக்கி, விளிம்பு நெளிந்த கிண்ணம்,
தோளில் வெளுத்த லுங்கி.
முன்பு மூன்று பொட்டலம் வேண்டும் இந்தத் தலைக்கு.
இப்போது ஒன்றரை போதும்.
விலை மட்டும் நாலு பங்கு.

முதலில் வகிடு.
பிரித்துப் பார்த்தால் உடைத்த உளுந்து,
மேலே கருப்பு, உள்ளே பளீர் வெள்ளை.
பேயின்னாங் சந்தையில்
உளுந்துக் கணக்கு எழுதுகிறவளுக்கு
வேறு உவமை எங்கிருந்து வரும்?

கடையில் பவளாயி, வயது ஐம்பத்துநாலு.
சேர்ந்த அன்று நாற்பத்தெட்டு என்றேன்,
வருடத்துக்கு ஒன்று கூட்டி வருகிறேன்.
பொய்யிலும் கணக்குத் தப்பக் கூடாது.
முதலாளி காதர் ராவுத்தர்
தாடிக்கு மருதாணி பூசிச் செக்கச்செவேல் என்று வருவார்.
அவரிடம் யாரும் வயது கேட்பதில்லை.

காயும் நேரத்தில்
ஜன்னல் பக்கம் மோவாயைத் திருப்பி
அந்த இரண்டு முடியையும் பிடுங்கினேன்.
இரண்டும் நல்ல கருப்பு.
தலைக்குப் போக வேண்டியவை
விலாசம் தப்பி வந்திருக்கின்றன.

பதினெட்டாவது நிமிடம் விசிறி நின்றது.
விசிறி நின்றால் மோட்டாரும் நின்றது.
மோட்டார் நின்றால் நாலாம் மாடியில் குழாய் என்பது
சுவரில் அடித்த ஆணி.
டிரம்மில் ஒரு செம்புத் தண்ணீர்,
அதிலும் கொசுப்புழு.
காதோரம் எரிந்தது.
நெற்றியில் ஒரு கோடு இறங்கத் தொடங்கியது.

ஐந்தாம் மாடி டோ கின்லேயின் மணிக்கயிறு
என் பால்கனியைத் தொட்டுக்கொண்டுதான் தெருவுக்கு இறங்கும்.
எட்டிப் பிடித்து இழுத்தேன்.
காய்கறிக்காரன் என்று குனிந்து பார்த்தவள்
என்னைப் பார்த்தாள்.

பதினொரு வருடமாக என்னை ஞீமலே என்பாள்.
நம் வாயில் சொன்னால் தங்கச்சி.
குடிதண்ணீர்க் கேனைப் படிக்குப் படி இறக்கி வைத்து
மூச்சு வாங்க வந்து நின்றாள்.
சித்திரையில், தண்ணீர்த் திருவிழாவோடு
ஒன்பது நாள் இளஞ்சிவப்பு உடுத்தி
மடத்தில் இருந்துவிட்டு வந்த தலை.
ஆனியில் ஒரு விரற்கணு முளைத்திருக்கிறது,
அத்தனையும் வெள்ளை.
எப்போதாவது தடவிப் பார்த்து
குளிருது என்பாள், அவ்வளவுதான்.

குனி, என்றாள். குனிந்தேன்.
கருப்புத் தண்ணீர் சாக்கடைத் துளையைத் தேடி ஓடியது.
அவள் விரல்கள் என் காதுக்குப் பின்னால் தேய்த்தன.
அங்கே ஒருவர் கை பட்டு எத்தனை வருடம் என்று
கூட்டத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

"உண்மையில் உனக்கு என்ன வயசு?"
கண்ணில் நுரை, வாயில் சாய வாடை.
தலைகீழாக நிற்கிறவளுக்குப் பொய் சட்டென்று வராது போல.
அறுபத்துமூணு, என்றேன்.
ஊற்றிய கை நின்றது.
"எனக்கு ஐம்பத்தெட்டு."
பிறகு மிச்சத் தண்ணீர் மொத்தமும்
ஒரேயடியாக என் தலையில்.

எலுமிச்சை தேய்த்தும் நெற்றிக் கறை போகவில்லை.
தனக்கா அரைத்து அவளே அப்பிவிட்டாள்.
காது மடல் கருப்பு அப்படியே.
நேரம் மிஞ்சி ஊறிய முடி
குடைத்துணி மாதிரி ஆகிவிட்டது,
காக்கை பார்த்தால்கூட நம்பாது.

இரவு மெழுகுவத்தி வைத்துச் செலவு நோட்டில் எழுதினேன்:
தண்ணீர், கேன் ஒன்று,
ஐந்தாம் மாடிக்குத் தர வேண்டியது.

திங்கள் காலை கடை வேன் தெருவுக்கே வந்தது.
பின்னால் பையன்கள்,
முன்னால் ராவுத்தரின் மருமகன், என் தலையையே பார்த்தபடி.
நான் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கவும்
மேலேயிருந்து டோ கின்லே,
முப்பத்தெட்டாம் தெரு முழுக்கக் கேட்கும் குரலில்:
ஞீமலே! ஞீமலே!
மழை வருது, குடை எடுத்தியா?

எடுத்துட்டேன் அக்கா, என்றேன்.
குடை வீட்டில் இருந்தது.