மூன்றாம் கியர்

பாம்பன் பாலத்தின் பாதி ஏற்றத்தில்
செராபினின் ஆம்னி திணறும்.
பின்னால் பதினோரு பெட்டி நண்டு,
பக்கவாட்டில் கச்சான்.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால்
பின்னால் வரும் சுற்றுலா பஸ்
ஹாரன் அடித்தே தள்ளிவிடும்.

"கார்ப்பரேட்டர் பாத்தாச்சு, பிளக் மாத்தியாச்சு,
இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"
காத்து, என்றேன்.
சிரித்தாள்.
தங்கச்சிமடத்தில் காத்துக்கா பஞ்சம்?

கழற்றிய மேனிஃபோல்டு என் மடியில்.
முழங்கை மடக்கிய மூன்று அலுமினியக் குழாய்,
போல்ட் இருந்த இடத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.
சுண்டுவிரலை உள்ளே விட்டால்
திருப்பத்தில் ஒரு திட்டு,
வார்த்தவன் தேய்க்காமல் விட்ட பிசிறு.
வாய்ப்பக்கம் கேஸ்கட்டை வைத்துப் பார்த்தால்
உலோகம் ஒரு நூல் உள்ளே தள்ளி நிற்கிறது.
அந்த ஒரு நூலில் முட்டித்தான்
உள்ளே போகிறது ஒவ்வொரு மூச்சும்.

மார்க்கிங் மை தீர்ந்திருந்தது.
சொட்டு நீலம் தடவினேன்.
நீலம் பட்ட இடமெல்லாம் போக வேண்டியது.

கிரைண்டர் அலறியது.
அலுமினியத் தூள் இமையில், கழுத்து வியர்வையில், டீயில்.
முதல் குழாயை
எமரி சுற்றிய குச்சியால் இழைத்து இழைத்து
முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்கிவிட்டேன்.
நூகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தவன்
"கண்ணாடி மாதிரி இருக்கு.
பெட்ரோல் வழிஞ்சு ஓடிரும்டா" என்றான்.

தெரியாதா எனக்கு?
காற்றோடு வரும் பெட்ரோலுக்குச்
சொரசொரப்பு கொஞ்சம் வேண்டும்.
வழுக்கினால் துளிகள் கூடிச் சுவரில் ஒழுகும்.
தெரியும்.
கைதான் கேட்கவில்லை.
யாரும் எட்டிப் பார்க்காத இருட்டுக்குள்
எதற்கு அத்தனை பளபளப்பு?
எண்பதாம் நம்பர் தாளை எடுத்து
நான் போட்ட மினுக்கை நானே கீறினேன்.
மற்ற இரண்டிலும் திட்டை மட்டும் எடுத்தேன்,
துளையைப் பெரிதாக்கவில்லை.

சனிக்கிழமை, விடியுமுன். அதே பதினோரு பெட்டி.
நான் பக்கத்து சீட்டில்,
எஞ்சின் எங்களுக்கு அடியில்,
தொடையில் சூடு.
பெட்டிக்குள் நகங்கள் தெர்மாகோலைச் சுரண்டும் சத்தம்.
கச்சான் வண்டியை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தது.

ஏற்றம் பாதி.
பழக்கத்தில் அவள் இடக்கை கியர் கம்பிக்குப் போனது.
பிடித்தது.
காத்திருந்தது.
ஒரு விளக்குக் கம்பம், இன்னொன்று.
உச்சி வந்துவிட்டது.

ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.
"மண்டபத்துல நேத்து
கிலோவுக்கு இருபது ரூபா கொறைச்சுட்டான்" என்றாள்,
கையைக் கியரிலிருந்து எடுக்காமலே.