தொண்ணூற்றெட்டு சதவீதம்

வில்மாரின் பச்சைப் புள்ளி
காலை எட்டுக்கு எரிய ஆரம்பித்தால்
மாலை ஐந்துவரை அணைவதில்லை.
தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றது மென்பொருள்.
மீதி இரண்டு தும்மலுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

அவன் தக்குவரெம்போவில்.
நான் மொந்தெவிதேயோவில், ஐந்தாவது மாடியில்.
ஆறு பேருக்கு மேலாளர்.
ஆறு பேரையும் சதுரங்களாகத்தான் தெரியும்.
ஆலங்கட்டி விழுந்த சோயா வயலுக்கு
எவ்வளவு இழப்பீடு என்று
கணக்குப் போடுவது எங்கள் பிழைப்பு.

போன செவ்வாய், கூட்டம் முடிவதற்குள்
கேமராவை மூடிவிட்டதாக நினைத்து
எழுந்துபோனான்.
வெறும் நாற்காலி.
மேசை விசிறி தலையாட்டிக்கொண்டிருக்க
அதன் கழுத்தில் கட்டிய நூலில்
மவுஸ் போவதும் வருவதுமாக,
முளையில் கட்டிய கன்றுக்குட்டி போல.

யாரும் சிரிக்கவில்லை.
சுல்மா மழையைப் பற்றி ஏதோ சொன்னாள்.
எபெர் தொண்டையைக் கனைத்தான்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது:
ஆறு வீட்டிலும் ஒரு விசிறி இருக்கிறது.

இரவு பழைய கோப்புகளைப் புரட்டினேன்.
புள்ளி வருவதற்கு முன்பு
வில்மார் தானாகவே கூப்பிடுவான்.
"நிபியா, மூன்று ஹெக்டேர் கூட்டிப் போட்டுட்டேன்,
திருத்தணும்."
மாதத்துக்கு நாலைந்து அழைப்பாவது வரும்,
அவனிடமிருந்தோ மற்றவர்களிடமிருந்தோ.
புள்ளி வந்தபின் ஒன்றுகூட இல்லை.
தப்பே நடக்காத ஏழு மாதம்!
தலைமையகம் எனக்குப் பாராட்டு மடல் அனுப்பியது.

மாத்தே வட்டத்தில்
வெந்நீர் ஊற்றுகிறவர்தான்
முதல் குடுக்கையைக் குடிக்க வேண்டும்.
அதுதான் அதிகம் கசக்கும்.
அவரவர் வீட்டில் அவரவர் குடுக்கையோடு
உட்கார்ந்த பிறகு
எனக்கு அது மறந்தே போயிற்று.

திங்கட்கிழமை,
நிகழ்ச்சி நிரலில் இல்லாததைச் சொன்னேன்.
"மார்ச்சில், பைசாந்து பக்கம் ஒரு கோப்பு.
ஆலங்கட்டி அடித்ததை
வறட்சி என்று முத்திரை குத்திவிட்டேன்.
அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெசோகூடப் போகவில்லை.
போன வாரம்தான் கண்டுபிடித்தேன்."

மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"இல்லை, பொய்.
ஜூனிலேயே தெரியும்.
என்னையும் ஒரு புள்ளி பார்த்துக்கொண்டிருந்தது."

ஆறு சதுரமும் அசையவில்லை.
இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
அறுந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

பிறகு வில்மாரின் மைக் திறந்தது.
குரல் வரவில்லை.
விசிறியின் கரகரப்பு மட்டும்,
இடம், வலம்,
இடம்,
அப்புறம்
ஒரு பொத்தானை அமுக்கும் சத்தம்.