தாமதத்திற்கான காரணம்

கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் இது,
ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
பட்டியலை இறக்கினால் நான்கு:
நோயாளி எண்ணிக்கை, நெட்வொர்க்,
பயிற்சிக் குறைவு, இதர.
இதரவைத் தொட்டேன்.
நூற்றிருபது எழுத்துக்குள் சொல்லச் சொல்கிறது.

பன்னேர்கட்டா சாலையைப் பார்த்த ஐந்தாம் மாடி.
முப்பத்திரண்டு படுக்கைக்கு இரவில் மூன்று பேர்,
கம்ப்யூட்டர் இரண்டு.
ஒன்றில் ஏழாம் எண் அமுங்காது.
நாடி எழுபத்தேழு என்றால்
மற்றதன் பின்னால் போய் நிற்க வேண்டும்.
அங்கே டியூட்டி டாக்டர்,
பாதியில் டிஸ்சார்ஜ் சம்மரி,
மவுஸ் இருக்க வேண்டிய இடத்தில் டீ.

நான்கு நிமிடம் தொடாதிருந்தால்
தானாக வெளியே தள்ளிவிடும்.
நான்கு நிமிடம் சேர்ந்தாற்போல்
மணி அடிக்காத வார்டை
எங்கே பார்த்தார்களோ இதை எழுதியவர்கள்.
"சிஸ்டர், ஸ்வல்ப நீரு கொடி."
கொடுத்துவிட்டு வந்தால்
மறுபடி பெயர், மறுபடி கடவுச்சொல்.
பாதி அடித்த ரத்த அழுத்தம் போன இடம் தெரியாது.

அதனால் தோய்பி
கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதுவாள்.
நான் இடது உள்ளங்கையில்.
11: 140/90.
19: காய்ச்சல் 102, மாத்திரை 1.20க்கு.
கட்டைவிரல் மேட்டில் சர்க்கரை அளவுகள்.
ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே கை கழுவு
என்கிறது சுவரில் ஒட்டிய தாள்.
கழுவினால் பத்தொன்பதின் காய்ச்சலும் சேர்ந்து போகும்.
கழுவாவிட்டால்
அதற்கு வேறொரு படிவம்.

சரி, அந்த இரவு.
பதினான்காம் படுக்கை, ருத்ரமூர்த்தி.
நான் மார்பை அழுத்த, தோய்பி எண்ண,
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து
நாலு பத்து என்றார்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
குழாய்களை எடுத்தோம். தாடைக்குக் கட்டுப் போட்டோம்.
கமலாட்சம்மா கீழே, காத்திருப்போர் கூடத்தில்
நாற்காலி வரிசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
சொன்னேன்.
எழுந்தவர் செருப்பைத் தேடினார்.
ஒன்றுதான் இருந்தது.
இன்னொன்றுக்காக அவர் குனிய
நானும் குனிந்தேன்.
யார் யார் பைகளையோ நகர்த்தி,
யாரையோ எழுப்பி,
அது கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல
வெகுநேரம் தேடினோம்.

பதிவில் இறந்த நேரம் நாலு பத்து.
பதிந்த நேரம் ஐந்து நாற்பத்தேழு.
அதற்கு மட்டும் ஏழு ஒழுங்காக அமுங்குகிறது.

இடையில் தொண்ணூற்றேழு நிமிடம்
கம்ப்யூட்டரில் உயிரோடிருந்தார் ருத்ரமூர்த்தி.
நாலரைக்கு அவர் பெயரில் ஒரு ஊசி நிலுவை.
ஐந்துக்கு மஞ்சள் எச்சரிக்கை: ரத்த அழுத்தம் பார்க்கவில்லை.
ஐந்தரைக்குச் சமையலறைக்குப் போய்விட்டது
14, ரவை உப்புமா, உப்பு குறைவு.
ஏழு மணிக்குத் தட்டோடு வந்த பசவண்ணா
விரித்த படுக்கையின் முன்
யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றான்.

கூட்டத்தில் என் பெயருக்கு நேரே நீளமான சிவப்புப் பட்டை.
தரப் பிரிவின் ஹேமந்த் கோபித்துக்கொள்ளவில்லை.
"ஐந்து நிமிட வேலைதானே" என்றார்.
உண்மைதான். ஐந்து கூட ஆகாது.

இன்னொன்றும் உண்மை.
அந்தத் தொண்ணூற்றேழில் எட்டு நிமிடம்
கம்ப்யூட்டர் காலியாக இருந்தது,
நான் அதன் முன்னால் இருந்தேன்,
மணி எதுவும் அடிக்கவில்லை.
'இறப்பு' என்று தேர்ந்தெடுத்ததும்
நிச்சயமா? என்று கேட்டது.
ஆம், இல்லை, இரண்டு பொத்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வெளியே தள்ளியது.
மறுபடி பெயர், மறுபடி கடவுச்சொல்.
நிச்சயமா?
மறுபடி தள்ளியது.
மூன்றாம் முறைதான் விரல் போனது.

இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது, ஹேமந்த்?

நூற்றிருபது எழுத்தில்
'செருப்பு ஒன்று கிடைக்கவில்லை' என்று
தமிழில் அடித்தேன்.
திரையில் வெறும் சதுரங்களாக விழுந்தன.
சமர்ப்பி.
பச்சை டிக் போட்டு ஏற்றுக்கொண்டது.