மூவாயிரம் சதுர அடி

பிரேரணை பதினேழு:
மஸ்கெலியா டவுன் எல்லைக்குள்
மூவாயிரம் சதுர அடிக்கு மேல்
பலசரக்குக் கடை எதற்கும் அனுமதி இல்லை.
முன்மொழிந்தவர் மருதவீரன்.
வழிமொழிந்தவர் நிஸ்தார்.
எழுதுகிறவள் நான்.
தகரத்தில் மழை இறுகும்போதெல்லாம்
ஒரு வாக்கியம் காதுக்கு வருவதில்லை,
ஊகித்து எழுதிக்கொள்கிறேன்.

"ஒருக்கா தண்ணிக்குள்ள போன டவுன் இது."
நீர்த்தேக்கப் பக்கம் கை நீட்டினார் மருதவீரன்.
"இன்னொருக்கா ஏசிக்குள்ள போக விடமாட்டேன்."
மேசையைத் தட்டினார்கள்.
கைதட்டல் என்று எழுதினேன்.

சோமசிறி சிங்களத்தில் கேட்டார்:
அளக்கப்போவது யார்?
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு அடியில்
கட்டினால் என்ன செய்வீர்கள்?
மொழிபெயர்ப்பாளர் அன்று லீவு.
மேசையின் ஒரு பாதி உடனே சிரித்தது,
மறுபாதி
கொஞ்சம் பிந்தி.

தேநீர் வந்தது.
கிரீம் பிஸ்கட் பக்கெட்டின் அடியில்
ஹட்டன் பெரிய கடையின் விலைச் சிட்டை,
இங்கே விற்கிறதைவிடப் பதினைந்து ரூபா குறைவு.
பியோன் சிவனு நகத்தால் சுரண்டினான்,
பாதிதான் உரிந்தது.
முன்மொழிந்தவர் இரண்டு எடுத்தார்.
இதை எழுதவில்லை.

பொதுமக்கள் கருத்துக்கு ஐந்து நிமிடம்.
அரைப்பேர் விட்டுவிட்டு வந்திருந்த ஒருத்தி
கடைசி வாங்கிலிருந்து எழுந்தாள்.

"மருதவீரன் ஐயா கடைக் கொப்பியில
எனக்கு ஒரு பக்கம் இருக்கு.
மேல என் பேரு இல்ல,
ஏழாம் லயம் மூக்குத்தின்னு இருக்கு.
டின் மீன் விலை அவர் வாயிலதான்.
சம்பளத்துக்கு முந்தி ஒரு விலை,
பிந்தி ஒரு விலை.
ஹட்டன்ல எல்லாத்துலயும் ஒட்டி வச்சிருக்கான்.
தட்டுத் தட்டா நின்னு படிச்சேன்,
ஒண்ணும் வாங்கல.
நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல."

மருதவீரன் குரலை உயர்த்தவில்லை.
"கொரோனாவுல ரோடு மூடிக் கெடந்தப்ப
ஒன் வீட்டுக்கு ரொட்டி மா யாரு குடுத்தா?
ஹட்டன்காரனா?"

"நீங்கதான் குடுத்தீங்க. இல்லங்கல.
அதுவும் அந்தப் பக்கத்துலதான் இருக்கு.
இன்னும் கழியல."

மழை விட்டிருந்தது.
அதனால் இது எல்லோருக்கும் கேட்டது.

"பெரிய கடைய வரவும் சொல்லல,
வேணாம்னும் சொல்லல.
எல்லாக் கடையிலயும் விலைய எழுதித் தொங்கவிட
ஒரு சட்டம் போடுங்க.
அதுக்கு எத்தன சதுர அடி வேணும்?"

அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் தவிசாளர்.
ஆதரவு ஏழு. எதிர் ஏழு.
ஒருவர் போன் பேச வெளியே போனவர்
போனவர்தான்.
தவிசாளர் தன் வாக்கைச்
சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு
அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.

படியில் ஓடிப்போய் அவளை நிறுத்தினேன்.
முழுப் பெயர்?
மங்களேஸ்வரி என்றாள்.
எதுக்கு மிஸ், ஏதும் பிரச்சினையா?
இல்லை, அறிக்கைக்கு.
நோட்டன் பஸ் ஹோன் அடித்தது,
தகப்பன் பெயரைக் கேட்பதற்குள்
ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழி
மருதவீரன் கடையைத் தாண்டித்தான்.
அவர் எனக்கு முன்னமே வந்து
கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.
கொப்பியில் என் பக்கத்தின் தலையில்
'சபை மிஸ்' என்று இருப்பது
ஆறு வருசமாகத் தெரியும்.
அரைக்கிலோ பருப்பு என்றேன்.
நிறுத்தார், சுற்றினார், நூலைக் கட்டினார்,
பேனையை எடுத்தார்.

என்ன விலை என்று கேட்டேன்.

எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார்,
மழை இன்னும் வருமா என்று
வானத்தைப் பார்ப்பதுபோல.